தொப்புளில் தொடங்கி வலப்பக்கம் இறங்கும் வலி

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் கிளினிக் நடத்தும் எனக்கு, நாள் முழுக்கக் காதில் விழும் சொல் 'கேஸ்ட்ரிக்'. வயிற்றில் எங்கே வலித்தாலும் நம் வீடுகளில் அதற்கு அந்த ஒரே பெயர்தான். ஃபார்மசியில் மாத்திரை, வயிற்றில் தைலம், அப்புறம் தூக்கம். பல சமயம் சரியாகியும் விடுகிறது. அதனால்தான் குடல்வால் அழற்சி (அப்பெண்டிசைட்டிஸ்) வரும்போது ஏமாந்து போகிறோம்.

ஒரு பையனை அவன் அம்மா அழைத்து வந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கூன் விழுந்த கிழவரைப் போல அடிமேல் அடி வைத்து வந்தான். "முந்தாநாள் தொப்புளச் சுத்தி வலிச்சிச்சு டாக்டர், கேஸ்ட்ரிக்னு மருந்து குடுத்தேன். நேத்து வலது பக்கம் கீழ பிடிச்சிக்கிச்சு. விடிகாலையில திடீர்னு விட்டிடுச்சு, நிம்மதியா இருந்தோம். இப்ப வயிறு பூரா வலிக்குதாம். வர்ற வழியில கார் பம்ப் ஏறும்போதெல்லாம் கத்தினான்."

வயிற்றைத் தொட்டேன், பலகை மாதிரி இருந்தது. விடிகாலையில் வலி விட்டதே, அப்போதுதான் குடல்வால் வெடித்திருக்கிறது. உள்ளே அழுத்தம் இறங்கியதும் சற்று நேரம் வலி குறையும். பிறகு சீழ் வயிறெங்கும் பரவும். அன்றிரவே அறுவை நடந்தது, பிழைத்துக்கொண்டான். ஆனால் முந்தின நாளே வந்திருந்தால் ஓரிரு நாளில் வீடு திரும்பியிருப்பான். அந்த அம்மாவை நான் குறை சொல்லவே மாட்டேன். வலி இடம் மாறினால் என்ன அர்த்தம் என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

குடல்வால் என்பது பெருங்குடல் தொடங்கும் இடத்தில் விரல் போலத் தொங்கும் சிறு குழாய். பல சமயம் இறுகிய மலத்துணுக்கு அதன் வாயை அடைக்கும். உள்ளே கிருமி பெருகி வீங்கும். (கொய்யா விதை விழுங்கினால் வரும் என்று பிள்ளைகளை மிரட்டாதீர்கள், விதையால் வருவது மிக அபூர்வம்.) குடலின் நரம்புகளுக்கு இடம் துல்லியமாகத் தெரியாது, அதனால் முதலில் தொப்புளைச் சுற்றி மந்தமாக வலிக்கும். வீக்கம் வயிற்றின் உட்சவ்வைத் தொட்டதும், பெரும்பாலும் ஒரு நாளுக்குள், வலி வலப்பக்க அடிவயிற்றில் வந்து நிற்கும். கூடவே பசி செத்துவிடும், குமட்டும், லேசாகக் காய்ச்சல் அடிக்கும். இருமினாலோ குதித்தாலோ அந்த இடத்தில் சுரீரென்று வலிக்கும்.

எல்லாருக்கும் இப்படியே வராது. கர்ப்பிணிகளுக்கு வலி மேலே தெரியலாம். முதியவர்களுக்கு அறிகுறி மங்கலாக இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியாது, அவர்களுக்கு வெடிப்பதும் சீக்கிரம். ஆகவே வயிற்று வலியோடு சாப்பாட்டையும் மறுத்துச் சுருண்டு படுக்கும் குழந்தையை விடியும்வரை வைத்துப் பார்க்க வேண்டாம்.

மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் பார்த்து உறுதி செய்வார்கள். சிறு துளைகள் வழியாக அகற்றுவதுதான் இன்று வழக்கம். வெடிக்காத சிலருக்கு ஆண்டிபயாடிக் மட்டும் கொடுத்தும் பார்க்கலாம். ஆனால் 2020-இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், அப்படிச் சிகிச்சை பெற்றவர்களில் 10 பேரில் 3 பேருக்கு மூன்று மாதத்துக்குள் அறுவை தேவைப்பட்டது. மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் பேதியாக்கும் மருந்து கொடுக்காதீர்கள். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். நடக்க முடியாவிட்டால் 999-ஐ அழையுங்கள். 'பிள்ளை வெறும் வயிற்றோடு இருக்கிறானே' என்று மனம் கேட்காமல் வழியில் மைலோ கலக்கிக் கொடுத்துவிடாதீர்கள். மயக்க மருந்து கொடுக்க அந்த வயிறு காலியாக இருக்க வேண்டும்.