நோட்டை மூடினால்தான் சொல் நிற்கும்

அம்பாசமுத்திரத்தில் இருந்து பாளையங்கோட்டைக் கல்லூரிகளுக்கு வரும் காலைப் பஸ்ஸில் ஏறினால், மடியில் நோட்டை விரித்து ஆங்கிலச் சொற்களை முணுமுணுக்கிற பிள்ளைகளைப் பார்க்கலாம். சேரன்மகாதேவி வருவதற்குள் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துவிடுவார்கள். மறுவாரம் கேட்டால் பாதி இருக்காது. "எனக்கு மண்டைல ஏறவே மாட்டேங்கு" என்று நொந்துகொள்வார்கள். நல்ல மண்டைதான், திரும்பத் திரும்பப் படித்ததுதான் ஏமாற்றிவிட்டது.

பார்த்ததையே மறுபடி பார்க்கும்போது கண்ணுக்குப் பழகிப்போகிறது. அந்தப் பழக்கத்தைத் 'தெரியும்' என்று மூளை எடுத்துக்கொள்கிறது. 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். சில பகுதிகளை மாணவர்கள் இரண்டு முறை படித்தார்கள். சிலவற்றை ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவில் இருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்ததே முந்தியது. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்ததில் 56 சதவீதம் நினைவில் இருந்தது, திரும்பப் படித்ததில் 42 சதவீதம்தான்.

ஒரு சொல்லின் ஒலி, எழுத்து, பொருள் எல்லாம் மூளையில் வெவ்வேறு இடங்களில் பதிகின்றன. அவற்றை முதலில் பிணைத்து வைப்பது ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி. பார்க்காமல் யோசித்து வெளியே இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பிணைப்பு மறுபடி உயிர்பெற்று இறுகுகிறது. தூக்கத்திலும் இந்த வேலை நடக்கிறது. அதனால் தேர்வுக்கு முந்தின ராத்திரி முழுக்க விழித்துப் படிப்பதில் எனக்கு உடன்பாடே கிடையாது.

'ரிமெம்பர்' என்ற வினைச்சொல்லையே எடுத்துக்கொள்வோம். 'ஞாபகம் வைத்திரு' என்று பொருளை மட்டும் எழுதி வைத்தால் போதாது. 'கதவைப் பூட்டுனது ஞாபகம் இருக்கு' என்றால் 'ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்'. 'மறக்காம கதவைப் பூட்டு' என்றால் 'ரிமெம்பர் டு லாக் த டோர்'. முன்னது நடந்து முடிந்தது, பின்னது இனிமேல் செய்ய வேண்டியது. தமிழ் வாக்கியத்தை மட்டும் ஒரு பக்கம் எழுதி, நோட்டை மூடிவிட்டு, ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

இன்று ஒரு தடவை, நாளை மறுநாள், அப்புறம் அடுத்த வாரம் என்று இடைவெளி விட்டுச் செய்வது நல்லது. கொஞ்சம் மறந்தபின் முயன்று எடுப்பதுதான் ஆழமாகப் பதிகிறது. தப்பாகச் சொன்னாலும் பயப்பட வேண்டாம். உடனே நோட்டைத் திறந்து சரியானதைப் பார்த்துவிட்டால், முயற்சியே செய்யாமல் படித்ததைவிட அது நன்றாகத் தங்குகிறது.