யுரேனியத்தின் கணக்கும் கச்சா எண்ணெயின் விலையும்

2025 ஜூன் 13 அன்று ஈரானின் அணு நிலையங்களை இஸ்ரேல் தாக்கியது. பாரசீக வளைகுடாவிலிருந்து எண்ணெய் வெளியேறும் கடல்வழியான ஹோர்முஸ் நீரிணை மூடப்படவில்லை. எண்ணெய்க் கப்பல்கள் அதன் வழியே போய்வந்துகொண்டுதான் இருந்தன. ஆயினும் உலகச் சந்தைக்கு அளவுகோலாக இருக்கும் பிரெண்ட் கச்சா எண்ணெயின் விலை ஒரே நாளில் ஏறத்தாழ 7 சதவீதம் உயர்ந்து, பீப்பாய்க்கு 74 டாலரைத் தாண்டியது. இந்த உயர்வைப் புரிந்துகொள்ள முதலில் யுரேனிய அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இயற்கையில் கிடைக்கும் யுரேனியத்தில் ஆயிரம் அணுக்களை எடுத்துக்கொண்டால், எளிதில் பிளவுறும் யுரேனியம்-235 அவற்றில் ஏழே ஏழுதான். மற்ற 993-ம் கனமான யுரேனியம்-238. செறிவூட்டல் என்பது புதிதாக எதையும் சேர்ப்பதன்று, வேண்டாததைக் கழிப்பதுதான். நெல்லைப் புடைத்துப் பதரை நீக்குவதற்கு இதை ஒப்பிடலாம் என்றாலும், இங்கே மணிக்கும் பதருக்கும் உள்ள எடை வேறுபாடு நூற்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அதனால்தான் யுரேனியத்தை ஃபுளூரினுடன் சேர்த்து வாயுவாக்கி, மிக விரைவாகச் சுழலும் மையவிலக்குக் கருவிகளில் செலுத்துகிறார்கள். கனமான மூலக்கூறுகள் சுவரோரம் சற்று அதிகமாக ஒதுங்க, நடுவில் இலேசானவை சற்றே மிகுகின்றன. ஒரு கருவியில் கிடைக்கும் பலன் மிகச் சொற்பம் என்பதால், நூற்றுக்கணக்கான கருவிகளைத் தொடராக இணைக்கிறார்கள்.

அந்த ஏழு அணுக்களில் ஒன்றும் வீணாகவில்லை என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கா உள்ளிட்ட வல்லரசுகளுடன் ஈரான் செய்துகொண்ட 2015 அணு உடன்படிக்கை அதற்கு விதித்த உச்சவரம்பு, அணுமின் நிலைய எரிபொருளுக்குப் பொருந்தும் 3.67 சதவீதம். அதை எட்டவே ஏறத்தாழ 809 கன அணுக்களைக் கழித்தாக வேண்டும். 20 சதவீதத்துக்கு மேலும் 156. அங்கிருந்து 60 சதவீதத்துக்கு 23. அறுபதிலிருந்து, ஆயுதத் தரம் எனப்படும் 90 சதவீதத்துக்கு நான்கே அணுக்கள்! சதவீதங்களை மட்டும் பார்த்தால் பாதித் தொலைவு கடந்ததுபோல் தோன்றும் இடத்தில், உழைப்பின் மிகப் பெரும்பகுதி முடிந்துவிட்டிருக்கிறது. இந்தப் பிணக்கில் பொதுமக்களுக்கு மிகக் குறைவாகவே விளக்கப்பட்ட செய்தி இதுதான் என்பது என் எண்ணம்.

2018-ல் அமெரிக்கா உடன்படிக்கையிலிருந்து விலகியது. அடுத்த ஆண்டு முதல் ஈரானும் வரம்புகளை ஒவ்வொன்றாக மீறி, 2021 ஏப்ரலில் நத்தான்ஸ் செறிவூட்டல் நிலையத்தில் 60 சதவீதத்தை எட்டியது. தன் திட்டம் அமைதிக்கானதே என்று ஈரான் கூறிவருகிறது. ஆனால் மின்சாரம் தயாரிக்க 60 சதவீதம் தேவையில்லை. இந்த 60 சதவீத யுரேனியத்தை மேலும் செறிவூட்டினால் ஒரு குண்டுக்குப் போதுமான அளவு என்று சர்வதேச அணுசக்தி முகமை கணக்கிடுவது சுமார் 42 கிலோ. தாக்குதலுக்கு முன் ஈரானிடம் இருந்ததோ 400 கிலோவுக்கும் மேல்.

இனி எண்ணெய்க்கு வருவோம். போர் முற்றினால் ஈரான் ஹோர்முஸை மூடிவிடக்கூடும் என்பதே சந்தையின் அச்சம். 2024-ல் உலகம் நாள்தோறும் பயன்படுத்திய எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 2 கோடி பீப்பாய், ஈரானின் கரையை ஒட்டிய ஹோர்முஸ் வழியாகச் சென்றது. அந்த நீரிணையின் மிகக் குறுகிய இடம் 33 கிலோமீட்டர்தான். சவூதியிலும் அமீரகத்திலும் மாற்றுக் குழாய்கள் உண்டு. எனினும் அவற்றால் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்ட முடியும். லாரியும் டிராக்டரும் விமானமும் ஒரே இரவில் எரிபொருளை மாற்றிக்கொள்ள முடியாதாகையால், சிறு பற்றாக்குறையும் விலையைப் பெரிதாக உயர்த்திவிடும். ஓர் உதாரணத்துக்கு, நீரிணை திறந்திருந்தால் விலை 70 டாலர், மூடப்பட்டால் 120 டாலர் என்றும், மூடப்படும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்றும் கொள்வோம். அப்போது இன்றைய நியாயமான விலை 75 டாலர். ஒரு சொட்டுக்கூடக் குறையாமலே ஐந்து டாலர் ஏறிவிடுகிறது. கப்பல்களுக்கான போர்க்காலக் காப்பீட்டுக் கட்டணம் தனி.

இதே கணக்கு எதிர்த்திசையிலும் வேலை செய்கிறது. ஜூன் 22 அன்று, மலைக்கடியில் அமைந்த ஃபோர்தோ செறிவூட்டல் நிலையம் உள்ளிட்ட மூன்று ஈரானிய அணு நிலையங்களில் அமெரிக்கா குண்டு வீசியது. மறுநாள் ஈரான் கத்தாரிலுள்ள அமெரிக்கத் தளத்தை நோக்கி ஏவுகணைகளை ஏவியபோது, எண்ணெய்க் கிணறுகளையும் கப்பல்களையும் அது தொடவில்லை என்பதைக் கண்ட சந்தையில் விலை ஏறத்தாழ 7 சதவீதம் சரிந்தது. அடுத்த நாள் போர்நிறுத்தம் வந்தது. முகமையின் ஆய்வாளர்கள் ஜூலைத் தொடக்கத்தில் ஈரானை விட்டு வெளியேறினர். நான்கே அணுக்களைக் கழிக்க வேண்டிய நிலையிலிருந்த அந்த 400 கிலோ எங்கே இருக்கிறது என்பதை நேரில் சென்று சரிபார்க்க அப்போது யாராலும் இயலவில்லை.