உதிரிபாகங்களைக் கழுவப் பெட்ரோலா, மண்ணெண்ணெயா?

பழைய மாருதி 800 காரின் கார்புரேட்டரையும் வீல் பேரிங்கையும் வீட்டிலேயே கழுவப் பெட்ரோல் நல்லதா, மண்ணெண்ணெய் நல்லதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கிரீஸின் பெரும்பகுதி ஹைட்ரோகார்பன், அதாவது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த சேர்மம். இவ்விரண்டும் ஹைட்ரோகார்பன்களே என்பதால் இரண்டிலும் அது கரைந்துவிடும். ஆகவே நாம் பார்க்க வேண்டியது கரைக்கும் திறனை அல்ல, திரவத்தின் மேல் எழும் ஆவியை.

எரிவது திரவம் அன்று, காற்றோடு கலந்த ஆவி. அந்தக் கலவையில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 1.4 சதவீதம் இருந்தால் தீப்பற்றும். மண்ணெண்ணெய் ஆவிக்கோ 0.7 சதவீதமே போதும். இதை மட்டும் பார்த்தால் மண்ணெண்ணெய்தான் அதிக ஆபத்தானது என்று தோன்றும். ஆனால் அவ்வளவு ஆவியை ஒரு திரவம் எந்த வெப்பநிலையில் வெளியிடுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பெட்ரோல் உறைபனிக் குளிரிலும், பூஜ்ஜியத்துக்குக் கீழே சுமார் 40 டிகிரி செல்சியஸிலேயே, அதை வெளியிட்டுவிடுகிறது. மண்ணெண்ணெய் 35 டிகிரியைத் தாண்டிச் சூடாக வேண்டும். இதையே தீப்பற்று வெப்பநிலை என்கிறோம். ஒரு திரவத்தின் குணத்தை இத்தனை தெளிவாகச் சொல்லும் எண் வேறொன்று இல்லை என்பேன். ஒவ்வொரு டப்பாவிலும் அதைத் தமிழில், பெரிய எழுத்தில் அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

மண்ணெண்ணெய் எப்போதும் பாதுகாப்பானது என்று இதற்குப் பொருளில்லை. வேலூரில் மே மாத நண்பகலில் காற்றே 40 டிகிரியைத் தாண்டும்போது, வெயிலில் வைத்த இரும்புத் தட்டிலுள்ள மண்ணெண்ணெயும் அந்த எல்லையைக் கடந்துவிடும். கம்பிரசரால் பீய்ச்சினால் இன்னும் மோசம்: நுண்துளிகளாகச் சிதறும்போது பரப்பு பன்மடங்கு பெருகுவதால், தீப்பற்று வெப்பநிலைக்குக் கீழேயும் அந்தத் துளிமூட்டம் பற்றிக்கொள்ளும். பெட்ரோல் ஆவியோ காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது; தரையோடு தரையாகப் பரவி, அடுத்த அறையிலுள்ள அடுப்பையோ பிரிட்ஜின் சுவிட்சையோ சென்றடையும். அதில் புற்றுநோயை உண்டாக்கும் பென்சீனும் இருக்கிறது. எனவே கழுவுவதற்குப் பெட்ரோல் கூடவே கூடாது.

குளோரின் கலந்த சில பிரேக் கிளீனர்கள் எளிதில் தீப்பிடிக்காதவை. ஆனால் அவை முழுதும் உலராத பாகத்தில் வெல்டிங் வைத்தால், பாஸ்ஜீன் என்ற கொடிய நச்சுவாயு உருவாகக்கூடும்.

வீட்டுக்கு என் தேர்வு, நீரில் கலக்கும் டிகிரீசரும் (எண்ணெய்ப்பசை நீக்கும் திரவம்) வெந்நீரும் ஒரு பிரஷ்ஷும்தான். கழுவியபின் நன்கு உலர்த்தி, துருப்பிடிக்கும் பாகங்களுக்கு லேசாக எண்ணெய் பூச வேண்டும். அலுமினியப் பாகங்களுக்குக் காஸ்டிக் சோடா கலந்தது ஆகாது, அது உலோகத்தையே அரித்து ஹைட்ரஜனை வெளியேற்றும். எண்ணெய்க் கறை விடாப்பிடியாக இருந்தால், திறந்தவெளி நிழலில், கையுறையுடன், சிறிதளவு மண்ணெண்ணெயைப் பயன்படுத்தலாம்.

பிரேக்கின் ரப்பர் பாகங்களில் மட்டும் அதுவும் படக்கூடாது. அவை பெரும்பாலும் ஈ.பி.டி.எம். ரப்பரால் ஆனவை, அதுவும் ஹைட்ரோகார்பனே என்பதால் மண்ணெண்ணெயை உறிஞ்சி ஊதிவிடும். ஊதிய வாஷர் சிலிண்டருக்குள் இறுகி, மிதித்த பிரேக் விடுபடாமல் பிடித்துக்கொள்ளும். அவற்றைப் புதிய பிரேக் ஆயிலால் துடைப்பதே சரி.