வெளியே வரும் பொறி உள்ளே ஏன் வருவதில்லை?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பழைய ராஜ்தூத் 350 ஒன்றை வாங்கி ஆறு மாதமாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாராம். இரட்டை சிலிண்டர் வண்டி, இப்போது ஒன்றுதான் ஓடுகிறது. "இடது பக்கம் அடிக்கவே இல்லை சார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் வைத்துக் கிக்கரை உதைத்தால் நீலமாகப் பொறி வருகிறது. திரும்ப மாட்டினால் செத்துப்போகிறது. மெக்கானிக் அண்ணன் 'பொறி நல்லாத்தானுங்க இருக்குது, கார்புரேட்டர்ல தான் கோளாறு' என்று சொல்லி மூன்று தடவை அதைப் பிரித்து மாட்டிவிட்டார். ராசியில்லாத வண்டி, தள்ளிவிடு என்கிறார் அப்பா. வெளியே வரும் பொறி உள்ளே வராமல் போகுமா?"

போகும். நன்றாகவே போகும். எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் விதிகளில் ஒன்று அந்த இடது பிளக்கில் உட்கார்ந்திருக்கிறது.

வண்டியைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. யமஹாவின் ஆர்டி 350-ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-இல் ராஜ்தூத் என்ற பெயரில் இங்கே கொண்டுவந்தது. 347 சிசி, டூ ஸ்ட்ரோக். இரண்டு சிலிண்டர்களுக்கும் தனித்தனி கார்புரேட்டர், தனித்தனி பாயிண்ட் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்), தனித்தனி கண்டென்சர், காயில், சைலன்சர். ஒரே கிராங்கைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு வண்டிகள் என்றே சொல்லலாம். அதனால்தான் ஒன்று படுத்தாலும் மற்றது இழுத்துக்கொண்டு போகிறது.

ஆனால் பாதி பலத்தோடு போகும் என்று நினைத்தால் தப்பு. பாதிக்கும் கீழேதான் கிடைக்கும். கணக்குக்காக, ஒவ்வொரு சிலிண்டரும் உள்ளே 20 குதிரைத்திறன் உண்டாக்குகிறது, மொத்த உராய்வு அதில் 8-ஐத் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே வருவது 32. ஒரு சிலிண்டர் செத்தால் உற்பத்தி 20 ஆகிறது, உராய்வு மட்டும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. கையில் கிடைப்பது 16 அல்ல, 12. செத்த சிலிண்டரின் பிஸ்டனையும் உயிரோடிருப்பதுதானே தூக்கித் தூக்கிப் போட வேண்டும்? மெக்கானிக்கல் படித்தவர்களுக்கு ஆய்வகத்தில் செய்த மோர்ஸ் சோதனை ஞாபகம் வரலாம். ஒவ்வொரு சிலிண்டராக வேண்டுமென்றே அணைத்துவிட்டு, இந்த இழப்பை வைத்தே இன்ஜினின் உராய்வைக் கண்டுபிடிப்பார்கள். நம் வாசகர் காசு கொடுத்து அந்தச் சோதனையைத் தினமும் ரோட்டில் செய்துகொண்டிருக்கிறார்.

செத்தது எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் ஓடவிட்டு, இரண்டு சைலன்சர் குழாய்களும் இன்ஜினை விட்டு வெளியே வரும் இடத்தில் விரலால் தண்ணீர் தெளியுங்கள். ஒன்று தோசைக்கல் மாதிரி சுர்ரென்று ஆவியாக்கும். மற்றதில் துளி வழிந்து இறங்கும். அதுதான் ஆள். (இதை யெஸ்டி ரோடுகிங் வைத்திருப்பவர்கள் செய்து பார்த்துவிட்டு எழுத வேண்டாம். அதில் சைலன்சர்தான் இரண்டு, சிலிண்டர் ஒன்றே ஒன்று.)

அடுத்து, செத்த பக்கத்துப் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். காய்ந்து கிடந்தால் பெட்ரோல் வரவில்லை, கார்புரேட்டரைச் சந்தேகப்படலாம். நனைந்து, பெட்ரோல் வாடை அடித்தால் சாப்பாடு வந்திருக்கிறது, அடுப்புத்தான் பற்றவில்லை. நம் வாசகர் அனுப்பிய படத்தில் பிளக் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. ஆக, மூன்று தடவையும் பிரிக்கப்பட்ட கார்புரேட்டர் நிரபராதி. கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் வாயுவை நெருக்கும் அழுத்தம், சரியாக இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்தான். இரண்டு பக்கமும் ஒரே அளவு இருப்பதாகச் சொல்கிறார், அதனால் அதைத் தாண்டிப் போகலாம்.

சரி, பொறிக்கு வருவோம்.

12 வோல்ட் பேட்டரியிலிருந்து பல ஆயிரம் வோல்ட் எப்படி வருகிறது என்பது பள்ளியில் படித்ததுதான். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலின் தடித்த சுற்றில் மின்சாரம் ஓடி, இரும்பில் காந்தப்புலம் சேர்கிறது. பாயிண்ட் சட்டென்று திறக்கிறது. ஓட்டம் அறுந்து காந்தப்புலம் சரிகிறது. ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட மெல்லிய சுற்றில் அந்தச் சரிவு உயர் மின்னழுத்தமாக எழும்புகிறது. ஃபாரடே 1831-இல் கண்டது. சரிவு எவ்வளவு வேகமோ அவ்வளவு வோல்ட். பாயிண்டின் வாயிலேயே பொறி விழுந்து சரிவு மந்தமாகிவிடாமல் பார்த்துக்கொள்வது கண்டென்சரின் வேலை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். காயில் "இதோ 15,000 வோல்ட்" என்று ஒரே அளவை எடுத்து நீட்டுவதில்லை. மின்னழுத்தம் பூஜ்யத்திலிருந்து ஏறுகிறது. ஏறும் வழியில் எந்த இடத்தில் காற்று உடைந்து வழிவிடுகிறதோ அங்கேயே நின்றுவிடும். காற்று எப்போது உடையும் என்பதுதான் கேள்வி.

பிளக்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே 0.7 மி.மீ. இடைவெளி. அதில் இருப்பது காற்று. சாதாரணமாக மின்சாரம் கடத்தாது. ஆனால் எந்தக் காற்றிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில தனி எலக்ட்ரான்கள் திரிந்துகொண்டிருக்கும். மின்புலம் வந்ததும் அவற்றில் ஒன்று நேர்முனையை நோக்கி ஓடுகிறது. ரங்கநாதன் தெருவில் ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். விடிகாலை ஐந்து மணிக்கு ஓடினால் நாலு எட்டில் நல்ல வேகம் பிடித்துவிடலாம். எதிரே வருபவர் மேல் மோதினால் அவர் கையிலிருக்கும் பை தெறிக்கும். தீபாவளிக்கு முந்தின சாயங்காலம் அதே தெருவில் ஓடிப் பாருங்கள். ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் ஒருவர் மேல் இடித்துக்கொள்வோம். வேகமே பிடிக்காது, யார் கைப் பையும் விழாது.

எலக்ட்ரானுக்கும் அதே கதிதான். வெளிக்காற்றில் இரண்டு மோதல்களுக்கு நடுவே அது ஓடும் தூரம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தத் துளி ஓட்டத்தில் போதிய ஆற்றல் சேர்ந்திருந்தால், மோதும் மூலக்கூறிலிருந்து இன்னொரு எலக்ட்ரானைத் தட்டிவிடும். ஆக்சிஜனிலிருந்து தட்டிவிட 12 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும், நைட்ரஜனுக்கு 15-க்கும் மேல். தட்டிவிட்டால் இப்போது ஓடுவது இரண்டு. அடுத்த சுற்றில் நாலு, எட்டு, பதினாறு. முப்பது சுற்றில் நூறு கோடியைத் தாண்டிவிடும். கண்ணிமைக்கும் நேரத்தில் லட்சத்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை, கடத்தாத காற்று கம்பி மாதிரி கடத்துகிறது. நாம் நீலமாகப் பார்ப்பது அந்த எலக்ட்ரான் வெள்ளத்தைத்தான்.

இப்போது பிளக்கை உள்ளே மாட்டுங்கள். பிஸ்டன் மேலே ஏறி, அதே காற்றை, வண்டிக்கு வண்டி, ஏழு, எட்டு, ஒன்பது மடங்கு என்று நெருக்கிவிடுகிறது. ஐந்து மணித் தெரு தீபாவளித் தெரு ஆகிவிட்டது. எலக்ட்ரான் ஓடக் கிடைக்கும் தூரம் அத்தனை பங்கு சுருங்கிவிட்டது. அந்தக் குட்டி ஓட்டத்தில் அதே ஆற்றலைச் சேர்க்க வேண்டுமென்றால், பின்னாலிருந்து தள்ளும் மின்புலம் அத்தனை மடங்கு பலமாக இருக்க வேண்டும்.

ஜெர்மானிய இயற்பியலாளர் பாஷன் 1889-இல் இதை அளந்து ஒரு விதியாகச் சொன்னார்: காற்று உடையத் தேவையான வோல்ட் அழுத்தத்தையோ இடைவெளியையோ தனியாகப் பொறுத்ததல்ல, இரண்டின் பெருக்குத்தொகையைப் பொறுத்தது. சூடான வாயு என்பதால் நம் இன்ஜினுக்கு அழுத்தம் என்ற இடத்தில் அடர்த்தி என்று போட்டுக்கொள்வது சரியாக இருக்கும். பெருக்கித்தான் பாருங்களேன். 0.7 மி.மீ. இடைவெளி, கணக்குக்காக 9 மடங்கு அடர்த்தி என்று வைத்துக்கொள்வோம், பெருக்கினால் 6.3 மி.மீ. அதாவது சிலிண்டருக்குள் இருக்கும் 0.7 மி.மீ., வெளிக்காற்றில் 6.3 மி.மீ. இடைவெளிக்குச் சமம். கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. "பொறி கால் இஞ்ச் தாண்டணும்" என்பது பட்டறைகளில் வழிவழியாக வரும் பேச்சு. பாஷனின் பெயரைக் கேள்விப்படாதவர்கள், அனுபவத்தில் அவருடைய விதிக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள்! இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்த அன்று நான் தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

வோல்ட் கணக்கில் சொன்னால், வெளியே 0.7 மி.மீ. தாண்ட 3,000 வோல்ட்டுக்குச் சற்று மேலே போதும். உள்ளே, முனைகளின் கூர்மையும் சூடும் கொஞ்சம் உதவினாலும், 10,000-த்தைச் சுலபமாகத் தாண்டிவிடும். "பொறி நல்லாத்தானுங்க இருக்குது" என்று மெக்கானிக் அண்ணன் சொன்னது 3,000 வோல்ட் தேர்வின் மதிப்பெண்.

சின்ன வயதில் கோவையில் ஒரு பெரிய பட்டறையில் பிளக் சோதிக்கும் இயந்திரம் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். மணலடித்துச் சுத்தம் செய்த பிளக்கை ஒரு துளையில் திருகுவார்கள். சின்னக் கண்ணாடிச் சன்னல் வழியே பொறி பளிச்சென்று தெரியும். பிறகு கம்ப்ரஸர் காற்றைத் திறப்பார்கள். முள் ஏற ஏற, பொறி மெலியும், விட்டு விட்டு வரும், கெட்ட பிளக் என்றால் ஒரு கட்டத்தில் நின்றே போகும். காற்றைத் திறந்துவிட்டால் மறுபடி பளிச். பாஷன் விதிக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. பள்ளியில் எங்கள் ஆய்வக பீரோவுக்குள் ஒரு தூண்டு சுருள் (பொறி உண்டாக்கும் பெரிய காயில்) இருந்தது. இரண்டு வருடமும் கண்ணாடி வழியாக மட்டுமே அதைத் தரிசித்தோம். சென்னை ஐஐடியில் எரிதல் ஆராய்ச்சிக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது, நல்லது, அதற்கு இன்னும் கொட்டிக் கொடுக்கட்டும். அந்தப் பணத்தில் ஒரு துளியை எடுத்து ஒவ்வொரு ஐடிஐ-க்கும் இப்படி ஒரு சன்னல் வைத்த பெட்டி வாங்கித் தந்தால், எத்தனையோ கார்புரேட்டர்கள் பிழைத்துப்போகும். ராசி பார்க்கிற அப்பாக்களிடம் சொல்ல நமக்கும் ஒரு பதில் இருக்கும்.

சரி, உள்ளே தாண்ட முடியாத மின்சாரம் எங்கே போகிறது? இருப்பதிலேயே சுலபமான வழியைத் தேடிப் போகிறது. பிளக் வெளியே இருக்கும்போது 3,000 வோல்ட்டிலேயே சமாசாரம் முடிந்துவிடுகிறது. உள்ளே மாட்டியதும் வோல்ட் ஏறுகிறது: 5,000, 8,000. அப்போது பிளக் கேப்பில் (பிளக்கின் தலையில் மாட்டும் மூடியில்) உள்ள ஒரு மயிரிழை விரிசல், வெளிக்காற்றுதானே, கதவு திறந்த மாதிரி ஆகிவிடுகிறது. பிளக்கின் பீங்கான் மேல் படிந்த கரி என்றால் பொறிகூட வேண்டாம், அதன் வழியே மின்சாரம் கசிந்து, வோல்ட் ஏறுவதற்கே விடாது. காயிலோ கண்டென்சரோ சோர்ந்துவிட்டால் ஏறும் உயரமே குட்டையாகிவிடும்.

வாசகருக்கு நான் எழுதியது இதுதான். முதலில் இரண்டு பிளக்கையும் இடம் மாற்றுங்கள். கோளாறும் கூடவே வலது பக்கம் போனால் பிளக்தான் குற்றவாளி. போகவில்லையென்றால் பிளக் கேப்புகளைக் கழற்றி மாற்றிப் பாருங்கள். காயில் ஒயர்களை மட்டும் இடம் வலமாக மாற்றிவிடாதீர்கள். இந்த வண்டியில் ஒரு பிஸ்டன் மேலே இருக்கும்போது மற்றது கீழே கிடக்கும், பொறி தப்பான நேரத்தில் விழுந்து இரண்டு பக்கமும் படுத்துவிடும். காயிலைச் சந்தேகித்தால் பாயிண்ட் ஒயரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பொறி பார்க்கும்போது பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, பிளக்கின் உடம்பு இன்ஜின் இரும்பில் நன்றாகப் படும்படி, பிளக் துளைக்கு எட்டத்தில் வையுங்கள். துளையிலிருந்து பீய்ச்சுவது பெட்ரோல் ஆவி, விளையாட்டல்ல. இதற்கெல்லாம் முன்னால் ஒன்று: ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, வண்டியை ஓடவிட்டு, இடது பிளக்கையே பாருங்கள்.

நாலாம் நாள் பதில் வந்தது. இருட்டில், இடது கேப்பின் அடியிலிருந்து சிலிண்டர் தலையின் இறக்கைக்கு ஒரு நீலக் கோடு தாவிக்கொண்டே இருந்ததாம். அப்பாவையும் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். புதுக் கேப் போட்டதும் இரண்டு குழாயிலும் தண்ணீர் சுர்ரென்கிறது. இப்போது வலது பக்கம் புகை கொஞ்சம் ஜாஸ்தியாக வருகிறது, அது எதனால் என்று கேட்டிருக்கிறார்.