சைக்கிளில் விழுந்த பின் மூக்குப்பொடிக் குழி வலிக்கிறதா?

அந்தத் தம்பி விழுந்தது சிங்கப்பூரின் செஸ்ட்நட் நேச்சர் பார்க்கில், ஒரு சாதாரண வளைவில். முந்தின நாள் மழை. ஈர வேரில் முன்சக்கரம் வழுக்கியது, நடக்கிற வேகத்தில் பக்கவாட்டில் சாய்ந்து வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தார். எழுந்து, சேற்றைத் தட்டிவிட்டு, மிச்சத் தடத்தையும் ஓட்டி முடித்தார். ஐந்து மாதம் கழித்து என் எதிரில் உட்கார்ந்தபோது அவர் மணிக்கட்டுக்குள் ஒரு திருகாணியும், இடுப்பிலிருந்து எடுத்து வைத்த சிறிய எலும்புத் துண்டும் இருந்தன.

நான் சிங்கப்பூரில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். அதிலும் கை மட்டுமே என் வேலை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு கைக்குத் தாங்கி செய்து கொடுப்பது, இறுகிப்போன மூட்டை மறுபடி மடக்கப் பழக்குவது, இழந்த பிடிவலுவைத் திரும்பக் கொண்டுவருவது. தடத்தில் மவுண்டன் பைக் ஓட்டுகிறவர்கள் என்னிடம் வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களில் என்னை மிகவும் வருத்தப்பட வைப்பவர்கள் பெரிய விபத்தில் சிக்கியவர்கள் இல்லை. அவர்களை உடனே ஆம்புலன்ஸில் ஏற்றி, பார்க்க வேண்டிய எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறார்கள். சின்னதாக விழுந்து, 'சுளுக்குதான்' என்று விட்டுவிட்டவர்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தத் தம்பி அலட்சியமானவர் என்று சொல்லவே மாட்டேன். மறுநாளே மருத்துவரிடம் போயிருக்கிறார். எக்ஸ்ரே எடுத்தார்கள், முறிவு தெரியவில்லை. மணிக்கட்டுக்கு ஒரு தாங்கி கொடுத்து, பத்து நாள் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். நான்கே நாளில் வலி பாதியாகிவிட்டது. தாங்கியைக் கழற்றிப் போட்டு, கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போனார். பத்தாம் நாள் போகவில்லை. "எக்ஸ்ரேயே சுத்தமா இருக்குன்னு சொன்னாங்களே அக்கா, அப்புறம் எதுக்குப் போகணும்?" என்று என்னிடம் கேட்டார்.

எதற்குப் போக வேண்டும் என்றால், மணிக்கட்டில் இருக்கும் எட்டுச் சிறிய எலும்புகளில் ஒன்றுக்காக. படகு மாதிரி வளைந்திருப்பதால் அதற்குப் படகெலும்பு என்று பெயர். கட்டைவிரலின் அடியில், முன்னங்கை எலும்பை ஒட்டி இருக்கிறது. நீட்டிய கையை ஊன்றி விழும்போது அந்த எட்டில் அதிகமாக உடைவது இதுதான், அதுவும் பெரும்பாலும் இளவயது ஆண்களுக்கு. மயிரிழை போன்ற முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். பத்து நாள், இரண்டு வாரம் கழித்து முறிவின் ஓரங்கள் சற்றுக் கரைந்த பிறகுதான் கோடு தெரியும். இல்லையென்றால் எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். மருத்துவர் மறுபடி வரச் சொன்னதன் காரணம் இதுதான்.

இந்த எலும்பின் ரத்த ஓட்டம் ஒரு விசித்திரம். பெரும்பகுதி ரத்தம் விரல் பக்கமாக நுழைந்து, பின்னோக்கி முன்னங்கைப் பக்கம் பாய்கிறது. நடுவில் உடைந்தால் முன்னங்கைப் பக்கத்துத் துண்டுக்கு ரத்தம் குறைந்துவிடும், சில சமயம் நின்றே போகும். இதை நான் படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோது, மன்னார்குடிப் பக்கத்துப் பிள்ளையான அவர் சட்டென்று, "கடைமடைக்குத் தண்ணி வராத மாதிரியா?" என்றார். அதேதான். நடுவில் வாய்க்கால் உடைந்தால் கடைமடை காய்கிற மாதிரி அந்தத் துண்டு காய்கிறது. ஒன்றுகூடாத எலும்பு உள்ளே உரசிக்கொண்டே இருக்கும். வருடங்கள் போகப் போக மணிக்கட்டே தேய்ந்துவிடும்.

விழுந்த அன்று நீங்களே செய்து பார்க்கக்கூடிய ஒன்று உண்டு. கட்டைவிரலை நன்றாக விரித்து மேல்நோக்கித் தூக்குங்கள். அதன் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் இரண்டு நரம்பு போல (அவை உண்மையில் தசைநாண்கள்) எழும்பி நிற்கும், நடுவில் சிறு பள்ளம் விழும். மூக்குப்பொடியை வைத்து உறிஞ்ச வாகான இடம் என்பதால் மருத்துவத்திலேயே அதற்கு மூக்குப்பொடிக் குழி என்றுதான் பெயர். அந்தக் குழியில் மற்ற கையின் விரல் நுனியால் அழுத்துங்கள். பிறகு அடிபடாத கையிலும் அதே போல அழுத்தி ஒப்பிடுங்கள். அடுத்து, கட்டைவிரலை நீளவாக்கில் மணிக்கட்டை நோக்கித் தள்ளிப் பாருங்கள். அடிபட்ட கையில் மட்டும் சுருக்கென்று வலித்தால், வீக்கம் இல்லாவிட்டாலும், விரல்கள் நன்றாக மடங்கினாலும், மருத்துவரைப் பாருங்கள். சைக்கிளிலிருந்து கையை ஊன்றி விழுந்தேன், இந்த இடத்தில் வலிக்கிறது என்று இடத்தைத் தொட்டே காட்டுங்கள். வலிக்கவில்லை என்பதற்காக எல்லாம் சரி என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. ஒரு வாரம் கழித்தும் ஜாடி மூடியைத் திருகும்போதோ துணி பிழியும்போதோ வலி எட்டிப் பார்த்தால் அதுவும் போய்க் காட்ட வேண்டிய வலிதான். அதுவரை சுளுக்கு வழிக்கிறேன் என்று யாரையும் அந்த மணிக்கட்டைப் பிடித்து இழுக்க விடாதீர்கள்.

சீக்கிரம் கண்டுபிடித்தால், விலகாத முறிவுக்குப் பெரும்பாலும் எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் மாவுக்கட்டு போதும். தாமதமானால் இந்தத் தம்பிக்கு நடந்ததுதான். எலும்பு ஒட்டு, திருகாணி, மறுபடி மாதக்கணக்கில் காத்திருப்பு.

'பார்க்' என்ற சொல்லே நம்மை அசட்டையாக்கிவிடுகிறது என்று நினைக்கிறேன். செஸ்ட்நட்டில் மவுண்டன் பைக் தடம் மட்டுமே 8.2 கிலோமீட்டர். புக்கிட் தீமா தடம் சுமார் 6 கிலோமீட்டர். புலாவ் உபின் தீவில் 2008இல் திறந்த கெத்தாம் பூங்காவில் தடங்களுக்குக் கடினம் ஏற ஏற நீலச் சதுரம், கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம் என்று குறியே போட்டிருக்கிறார்கள். அந்தக் குறியை மதியுங்கள். உபினில் வாடகைக்கு எடுக்கும் சைக்கிள் என்றால் புறப்படும் முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பார்த்துவிடுங்கள். எந்தக் கைப்பிடி முன்சக்கரத்துக்கு என்று தெரிந்துகொள்ளாமல் இறக்கத்தில் இறங்காதீர்கள். ஹேண்டில்பாரின் இரு முனையிலும் மூடி இருக்க வேண்டும். மூடியில்லாத வெறும் குழாய் முனை விழும்போது வயிற்றைக் கிழித்துவிடும். குழந்தைகள் விழுந்து ஹேண்டில்பார் வயிற்றில் இடித்திருந்தால், வெளியே ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். உள்ளுறுப்பில் பட்ட அடி தாமதமாகத்தான் தெரியும்.

கைக்கு வருகிறேன். தடத்துக்கு வருகிற பல சைக்கிள்களில் பிரேக் பிடிகள் தரைக்கு இணையாக, படுக்கையாக இருக்கின்றன. அதை எட்ட மணிக்கட்டைப் பின்னால் மடக்க வேண்டியிருக்கிறது. அப்படியே ஒரு மணி நேரம் குலுங்கினால் உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து நரம்பு நசுங்கி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். பலர் இதைக் களைப்பு என்றே நினைத்துக்கொள்கிறார்கள். பிடியின் திருகைத் தளர்த்தி அதைச் சற்றுக் கீழ்நோக்கித் திருப்புங்கள். தடத்தில் நிற்கிற நிலையில் நின்றால் முழங்கையிலிருந்து விரல் வரை ஒரே நேர்க்கோடாக இருக்க வேண்டும். ஒரு விரலோ இரண்டு விரலோ பிரேக்கில், மற்றவை ஹேண்டில்பாரைச் சுற்றி. நான்கு விரலையும் பிரேக்கில் வைத்தால் ஒரு வேரில் ஏறும்போதே பிடி நழுவிவிடும். மரத்துப்போவது வண்டியை விட்டு இறங்கிய பிறகும் நீடித்தால், விரல்களை விரித்துச் சேர்ப்பதே சிரமமானால், ஓட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

விழும்போது கையை நீட்டாதே என்று சொல்வது சுலபம். அரை நொடியில் கை தானாக நீளும், அது உடம்பின் இயல்பு. ஆனால் மெதுவான வேகத்தில் பக்கவாட்டில் சாயும்போது ஹேண்டில்பாரை விடாமல், முழங்கையை மடக்கி, தோளோடும் இடுப்போடும் சேர்ந்து சாயப் பழகலாம். மெத்தென்ற புல்தரையில், ஹெல்மெட்டோடு, நின்ற இடத்திலிருந்தே இருபது தடவை சாய்ந்து பார்க்கச் சொல்வேன்.

அந்தத் தம்பிக்கு முதல் நாள் நான் கட்டைவிரலோடு சேர்த்து ஒரு தாங்கி செய்தேன். பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டால் அப்பளம் ஊறிய மாதிரி துவண்டுவிடும். துடைத்து, சூடு ஆறும் முன் கையில் படிய வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு நிமிடம் அவர் கையைப் பிடித்திருந்தபோது, "எப்ப அக்கா திரும்ப ஓட்டலாம்?" என்றார். எலும்பு கூடிவிட்டதை சிடி ஸ்கேனில் பார்த்து அறுவை மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு என்றேன். அன்று அவருடைய இடது கைப் பிடிவலு 43 கிலோ. வலது கையை அளக்கவே முடியாது.

எட்டு மாதம் ஆனது. கடைசியாக அளந்தபோது வலது கை 34 கிலோ. மணிக்கட்டு முன்பு போல முழுதாகப் பின்னால் மடங்குவதில்லை, இனி மடங்காமலே போகலாம். இப்போது சனிக்கிழமைகளில் பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் ஆற்றோரப் பாதையில் மட்டும் ஓட்டுகிறார். செஸ்ட்நட் எப்போது என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். பிடிவலு 40 தொடட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.