வீட்டு அலமாரியில் எத்தனை பாட்டில் இருக்கலாம்?

பெங்களூரிலிருந்து கோவைக்கு மாற்றலாகி வந்த ஒருவர், காரில் ஐந்து பாட்டில் விஸ்கியுடன் மாநில எல்லைச் சோதனையில் பிடிபட்டார். வழக்கறிஞரான என்னை அவசரமாக அழைத்தபோது அவர் குரலில் பயத்தைவிடக் குழப்பமே அதிகம். "ஆறு பாட்டில் வரை வைத்துக்கொள்ளலாம் என்றுதானே சட்டம் சொல்கிறது? என்னிடம் ஐந்துதானே இருக்கிறது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அளவு பற்றி அவர் படித்தது சரி. எந்த மாநிலத்தில் வாங்கிய மது என்பதைத்தான் அவர் யோசிக்கவில்லை. பாட்டிலின் லேபிளிலேயே, கர்நாடகத்தில் விற்பனைக்கு உரியது என்று அச்சிட்டிருந்தது.

மதுவைப் பற்றிச் சட்டம் இயற்றும் அதிகாரம் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதன் மீதான ஆயத்தீர்வை என்ற வரியும் மாநிலத்துக்கே. ஆகவே பெங்களூரில் தீர்வை கட்டி, பில் போட்டு வாங்கிய பாட்டில், ஓசூர் எல்லையைத் தாண்டியதும் தமிழ்நாட்டுக்குத் தீர்வை கட்டாத பாட்டிலாகிவிடுகிறது. புதுச்சேரியிலிருந்து திரும்புகிறவர்கள் மாட்டிக்கொள்வதும் இதே காரணத்தால்தான். பாட்டிலோடு வாகனத்தையும் பறிமுதல் செய்யலாம். காவல் நிலைய வாசலில் வெயிலிலும் மழையிலும் நிற்கும் கார்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது.

தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டமே இன்றும் அடிப்படை. அதன்படி மது வைத்திருப்பதுதான் குற்றம். சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பது விதிவிலக்கு. இந்த வரிசையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு வருகிறவர்களே அதிகம். விதிவிலக்கின் எல்லையை 1996ஆம் ஆண்டு விதிகள் வகுக்கின்றன: பிராந்தி, விஸ்கி, ரம் போன்றவை 4.5 லிட்டர், பீர் 7.8 லிட்டர், ஒயின் 9 லிட்டர். அதாவது 750 மில்லி பாட்டில் ஆறு, 650 மில்லி பீர் பன்னிரண்டு. வயது 21 நிரம்பியிருக்க வேண்டும்.

கேரளத்தில் கணக்கு வேறு. அங்கே இந்தியாவில் தயாரான விஸ்கி, பிராந்தி வகைகள் 3 லிட்டர்தான், பீர் 3.5 லிட்டர், வயது 23. பாலக்காட்டிலும் கோவையிலும் வீடு வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் 2021 முதல், வரம்புக்கு மேல் வீட்டில் வைத்திருக்க ஆண்டுக்கு 12,000 ரூபாய் கட்டி உரிமம் பெற வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். குஜராத்தில் பர்மிட் இல்லாமல் ஒரு பாட்டில்கூடக் கூடாது. பிகாரில் 2016 முதல் முழு மதுவிலக்கு.

குடும்பத்துக்கு மொத்தமாக ஒரே வரம்பா, ஆளுக்கு ஒன்றா என்று அடிக்கடி கேட்கிறார்கள். டெல்லி உயர் நீதிமன்றத்தின் 2022ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று இங்கே பயன்படும். ஒரு வீட்டில் 132 பாட்டில்கள் கிடைத்தன: விஸ்கி, ஓட்கா, ஜின், ரம் 51.8 லிட்டர், பீர், ஒயின் 55.4 லிட்டர். டெல்லி விதிப்படி 25 வயதைக் கடந்த ஒருவர் முதல் வகையில் 9 லிட்டரும் இரண்டாம் வகையில் 18 லிட்டரும் வைத்திருக்கலாம். கூட்டுக் குடும்பமான அந்த வீட்டில் 25 வயதைக் கடந்தவர்கள் ஆறு பேர். ஆறால் பெருக்கினால் 54, 108. இரண்டுமே வரம்புக்குள் இருந்ததால் வழக்கு ரத்தானது.

ஆனால் அது டெல்லி விதியை வைத்து எழுதப்பட்ட தீர்ப்பு. தமிழ்நாட்டில் அதை ஒரு வாதமாக நான் முன்வைக்கலாம். முன்கூட்டியே அனுமதி கிடைத்துவிட்டதாக எண்ணி நீங்கள் வாங்கிக் குவிக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வரும் மகன் சுங்கவரி இல்லாமல் 2 லிட்டர் கொண்டுவர முடியும். ஆண்டுதோறும் அப்படி வந்தவை பெரியவர் ஒருவரின் அலமாரியில் திறக்கப்படாமலே சேர்ந்து, வரம்பை எப்போதோ தாண்டியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அவர் குடிப்பவரே அல்லர். பரிசாக வந்ததை எப்படி எறிவது என்று வைத்திருந்தார். குடித்தாரா என்பதைச் சட்டம் கேட்பதில்லை. யார் வசம் இருந்தது என்றே கேட்கிறது.

பில்லைப் பத்திரப்படுத்துங்கள், மூடியின் மேல் ஒட்டியிருக்கும் ஆயத்தீர்வை ஸ்டிக்கரைக் கிழித்துவிடாதீர்கள். வேறு மாநிலத்துக்கு வீடு மாற்றும்போது பாட்டில்களைச் சாமான்களோடு மூட்டை கட்டவே வேண்டாம். அங்கேயே, விதிக்கு உட்பட்டு, முடித்துவிட்டு வாருங்கள்.

வீட்டில் சோதனை நடந்தால் உடனிருப்பதும், கைப்பற்றிய பொருள்களின் பட்டியல் நகலைப் பெறுவதும் உங்கள் உரிமை. அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பாட்டிலின் அளவும் மில்லிலிட்டரில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே "25 பாட்டில்" என்று எழுதினால் படிப்பவருக்குப் பெரும் பதுக்கலாகத் தோன்றும். அவை 180 மில்லி பாட்டில்கள் என்றால் மொத்தம் சரியாக 4.5 லிட்டர்தான்.