அங்கன்வாடி: முற்றத்தில் பிறந்த சொல்

அங்கன்வாடி என்பது ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும், கருவுற்ற பெண்களுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும் இணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, முன்பருவக் கல்வி போன்றவை கிடைக்கும் இடம். 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் கடைசிக் கண்ணி இது.

இந்தி, மராத்தியில் 'ஆங்கன்' என்றால் முற்றம். 'வாடி' என்றால் அடைப்பு, தோட்டம். வாடி நமக்கும் பழகிய சொல்தான்: மரவாடி, வாடிவாசல், ஈழத்து மீனவர் கரையோரம் போடும் வாடி. ஆங்கனின் உறவான 'அங்கணம்' குறளிலேயே இருக்கிறது. 'அங்கணத்துள் உக்க அமிழ்து' என்பதில் வரும் அங்கணத்தைப் பரிமேலழகர் தூய்மையற்ற முற்றம் என்கிறார். பாத்திரம் கழுவிய நீர் போகும் அங்கணக்குழியாக அது இன்னும் புழங்குகிறது. அதனால் அதைக் குழந்தைகளுக்குச் சூட்ட மனம் வராது.

தமிழ்நாட்டில் பலர் சொல்வது 'பால்வாடி'. பால் ஊற்றும் இடம் என்று அதற்குப் பொருள் சொல்பவர்கள் உண்டு. உண்மையில் இந்தியில் 'பால்' என்றால் குழந்தை. பால்வாடிக்கும் அங்கன்வாடிக்கும் வேறுபாடும் உண்டு. மகாராஷ்டிரத்தின் போர்டியில் 1945 முதல் கல்வியாளர்களான தாராபாய் மோடக்கும் அனுதாய் வாக்கும் பணியாற்றியபோது, பால்வாடிக்கு வராத எளிய வீட்டுப் பிள்ளைகளைத் தேடி அவர்கள் குடியிருப்பின் முற்றத்துக்கே வகுப்பைக் கொண்டுபோனார்கள். அதுவே அங்கன்வாடி. பிள்ளையை வரச் சொல்வது பால்வாடி, பிள்ளையிடம் போவது அங்கன்வாடி.

பெயர்ப்பலகையில் காணும் 'குழந்தைகள் மையம்' நல்ல தமிழ்தான், ஆனால் பிள்ளையைத் தேடிப் போகும் அந்த நடையைத் தொலைத்துவிட்டது. மையம் எங்கோ இருக்கும், நாம்தான் போக வேண்டும். 'மழலையர் முற்றம்' பொருளுக்கு இன்னும் நெருக்கமானது.

இந்த வேறுபாடு சொல்லோடு நிற்பதில்லை. 400 முதல் 800 பேருக்கு ஒரு மையம், மலை மற்றும் பழங்குடிப் பகுதியில் 300 முதல் 800 பேருக்கு ஒன்று என்பது திட்டத்தின் அளவுகோல். தலைக்கணக்கு சரியாக இருந்தும் கட்டடம் ஊர்த்தெருவில் அமைந்துவிட்டால், காலனிப் பிள்ளை ஓடையையோ நெடுஞ்சாலையையோ தாண்ட வேண்டும். இரண்டு வயதுக் குழந்தைக்கு அரை கிலோமீட்டர் என்பதே தூரம்தான். வேலைக்குப் போகும் தாய் நடுப்பகலில் வந்து அழைத்துப்போகவும் முடியாது. சமமாகப் பங்கிட்டும் சென்று சேராமல் போவது இப்படித்தான்.

உச்ச நீதிமன்றத்தின் 2006 டிசம்பர் 13 ஆணை இதற்கு இரண்டு வழி வைத்தது. பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை தர வேண்டும். அங்கன்வாடி இல்லாத குடியிருப்பில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 40 பேராவது இருந்தால், கோரிய மூன்று மாதத்துக்குள் மையம் கிடைக்க வேண்டும்.

கோரிக்கை பெரும்பாலும் கணக்கில்தான் சறுக்கும். வருவாய்க் கிராமத்தை அலகாக எடுத்தால் 'ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே' என்று மனு திரும்பிவிடும். அலகு, குடியிருப்பு. ரேஷன் அட்டையை மட்டும் பார்த்து எண்ணினால் செங்கல் சூளைக்கு வந்த குடும்பங்கள் விடுபடும். வீடு வீடாகப் போய்ப் பெயர், பிறந்த தேதி, தாய் பெயர் எழுதுங்கள். கருவுற்றவர்களைத் தனிப் பட்டியலாக்குங்கள். பக்கத்து மையத்துக்கு நடந்து அளந்த தூரத்தையும் இடையில் உள்ள தடையையும் குறியுங்கள். கிராமசபைத் தீர்மானத்தோடு குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். மூன்று மாதம் ஓடத் தொடங்குவது அந்தத் தேதியிலிருந்துதான்.

'இணை உணவு' என்பதையும் கவனிக்க வேண்டும். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை கருவுற்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 600 கிலோகலோரியும் 18 முதல் 20 கிராம் புரதமும் என்று வகுத்தது. வீட்டுச் சாப்பாட்டுக்கு மேல் சேர வேண்டிய அளவு இது. மையத்தில் வாங்கிவரும் பொட்டலத்து மாவு அடுப்படி வந்ததும் எல்லாருக்கும் கஞ்சியாகிவிடுவதால், அவள் பங்கு கரைந்துபோகிறது.

பேச்சில் முற்றம் என்றோ பால்வாடி என்றோ சொல்லலாம். மனுவில் மட்டும் 'அங்கன்வாடி' என்றே எழுதுங்கள். ஆணையில் இருப்பது அந்தச் சொல்.